டர்பன் - கேப் டவுன்: எவ்வளவு தூரம், ஃப்ளைட்ல எவ்வளவு நேரம், வீட்டு வாசல்ல இருந்து கணக்கு போடற முழு வழிகாட்டி

டர்பன்ல இருந்து கேப் டவுன் எவ்வளவு தூரம்னு தேடினீங்கன்னா ஒரு இடத்துல 1270 கிலோமீட்டர்னு இருக்கும், இன்னொரு இடத்துல 1635னு இருக்கும், வேற எங்கயோ 1700க்கு மேலன்னு போட்டிருக்கும். எதுவுமே தப்பு கிடையாது, ஆனா எது எந்த தூரம்னு யாரும் விளக்கி சொல்றதில்ல. ஃப்ளைட் நேரமும் இதே கதைதான், ஒரு டிக்கெட்ல 2 மணி நேரம், இன்னொண்ணுல 2.20, மூணாவதுல 5 மணி நேரம்னு காட்டும். இதை நாமளே கணக்கு போட்டு பாத்துக்க தெரிஞ்சா எந்த டிக்கெட் உருப்படியானது, எது நம்ம ஒரு நாளை விழுங்கிடும்னு பாத்த உடனே புரிஞ்சிடும், அதுக்குத்தான் இவ்வளவு விரிவா எழுதறேன்.

இந்த ரெண்டு ஊரை எடுத்ததுக்கு காரணம் இருக்கு. நம்ம ஆளுங்க தென்னாப்பிரிக்கா போனா பெரும்பாலும் இந்த ரெண்டு ஊருக்கும் போவாங்க. 1860 அக்டோபர்ல மெட்ராஸ்ல இருந்து கிளம்பின ட்ரூரோ கப்பல் நவம்பர் 16ஆம் தேதி டர்பன்ல வந்து நின்னுச்சு, 342 பேர், கரும்பு தோட்டத்துக்கு ஒப்பந்த கூலியா வந்தவங்க. அவங்களுக்கு அப்புறம் 1911 வரைக்கும் கப்பல் கப்பலா வந்தாங்க, மொத்தம் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல, அதுல தமிழ் ஆளுங்க நிறைய. அவங்க வழி வந்தவங்க இன்னிக்கும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட்னு டர்பனை சுத்தி இருக்காங்க. அதனால சொந்தம், கோயில், கல்யாணம்னா டர்பன், ஊர் சுத்தி பாக்கணும்னா கேப் டவுன், நடுவுல இந்த ஒரு பயணம் கட்டாயம் வந்துடும்.

படி 1: எந்த தூரம் வேணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மூணு தூரம் இருக்கு.

ஆகாய தூரம், அதாவது ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேர் கோடு, சுமார் 1278 கிலோமீட்டர். கடல் மைல்ல சொன்னா 690. ஃப்ளைட்டுக்கு தேவைப்படறது இதுதான்.

ரோடு தூரம் நீங்க எந்த வழியில போறீங்கங்கறதை பொறுத்தது. ஹாரிஸ்மித், பெத்லெஹெம், ப்ளூம்ஃபான்டெய்ன் வழியா போய் அங்க என்1 ரோட்டை பிடிச்சா சுமார் 1635. என்2 ரோட்ல கோக்ஸ்டாட், உம்டாட்டா (இப்போ பேர் ம்தாதா), ஈஸ்ட் லண்டன், கெபெஹா (பழைய போர்ட் எலிசபெத்), நைஸ்னா, ஜார்ஜ்னு போனா அதை விட கூடும். என்2 கடலோர ரோடுன்னு சொல்றாங்களே தவிர வைல்ட் கோஸ்ட் பகுதியில அது உள்ளுக்குள்ள தள்ளி தான் போகுது, ஏன்னா அங்க ஆறுங்க கடலுக்கு போறப்போ மலையை ஆழமா அறுத்துக்கிட்டு போகுது, பாலம் கட்டாம கரையை ஒட்டி போகவே முடியாது. இப்போ ம்சிகாபா, ம்டென்டுன்னு ரெண்டு பெரிய பாலம் போடற வேலை அங்க நடக்குது, முடிஞ்சா அந்த பக்கம் தூரம் நல்லா குறையும்.

மூணாவது கப்பல் தூரம், சுமார் 800 கடல் மைல், கிலோமீட்டர்ல 1480 பக்கம். கப்பல் ஆப்பிரிக்காவோட தென்கோடி முனையான கேப் அகுல்ஹாஸை சுத்திக்கிட்டு போகணும் இல்லையா. (தென்கோடின்னா கேப் டவுன் பக்கத்துல இருக்கற கேப் பாயின்ட் முனைதான்னு நிறைய பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க, இந்திய பெருங்கடலும் அட்லாண்டிக்கும் பிரியற இடம்னு அதிகாரபூர்வமா சொல்றது அகுல்ஹாஸைத்தான்.) அங்க அகுல்ஹாஸ் நீரோட்டம் தென்மேற்கா வேகமா ஓடுது, எதிர்ல இருந்து புயல் அலை வந்து அதோட மோதறப்போ ராட்சச அலை எழும்பும். 1909 ஜூலை 26ஆம் தேதி டர்பன்ல இருந்து கேப் டவுனுக்கு கிளம்பின வராட்டாங்கற கப்பல் 211 பேரோட காணாமலே போச்சு, இன்னிவரைக்கும் எங்க முழுகுச்சுன்னு கண்டுபிடிக்கல. நாம ரெண்டே கால் மணி நேரத்துல தாண்டற இதே ரெண்டு ஊருக்கு நடுவுல தான்.

படி 2: ஆகாய தூரத்தை நீங்களே போடுங்க

ஃபோன்ல இருக்கற கால்குலேட்டர் போதும். ரெண்டு ஏர்போர்ட்டோட அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்துக்குங்க, மேப்ல அந்த இடத்தை அழுத்தி பிடிச்சாலே வந்துடும்.

டர்பன் கிங் ஷாகா ஏர்போர்ட்: தெற்கு 29.61, கிழக்கு 31.12.
கேப் டவுன் ஏர்போர்ட்: தெற்கு 33.97, கிழக்கு 18.60.

அட்சரேகை வித்தியாசம் 4.36. இதை 111ஆல பெருக்குங்க (ஒரு டிகிரிக்கு சுமார் 111 கிலோமீட்டர்), 484 வரும். இது தெற்கு வடக்கா எவ்வளவு தள்ளி இருக்குங்கறது.

தீர்க்கரேகை வித்தியாசம் 12.52. இதையும் 111ஆல பெருக்கணும், ஆனா இங்க ஒரு விஷயம், பூமத்திய ரேகையை விட்டு தள்ளி போகப்போக தீர்க்கரேகை கோடுங்க நெருங்கி வரும், அதனால ரெண்டு ஊரோட சராசரி அட்சரேகைக்கு கொசைன் எடுத்து பெருக்கணும். சராசரி 31.79, அதோட கொசைன் 0.85. 12.52 x 111 x 0.85 = 1181. இது கிழக்கு மேற்கா.

இப்போ ஸ்கூல்ல படிச்ச பிதாகரஸ் தான். 484ஐயும் 1181ஐயும் தனித்தனியா வர்க்கம் போட்டு கூட்டி வர்க்கமூலம் எடுத்தா 1276. பூமி உருண்டைங்கறதையும் சேத்து முறையா போட்டா 1278 வரும். ரெண்டே கிலோமீட்டர் வித்தியாசம்! கால்குலேட்டர்ல கொசைன் டிகிரியில இருக்கான்னு மட்டும் பாத்துக்குங்க, ரேடியன்ல இருந்தா என்னென்னமோ நம்பர் வரும்.

ரெண்டாயிரம் கிலோமீட்டருக்குள்ள இருக்கற, துருவத்தை ஒட்டி இல்லாத எந்த ரெண்டு ஊருக்கும் இந்த முறையை நம்பலாம். டக்கார்ல இருந்து மொகடிஷு மாதிரி கண்டத்தையே குறுக்கால தாண்டற தூரம்னா இது கொஞ்சம் விலகும், அப்போ ஆன்லைன் கால்குலேட்டரை பிடிச்சுக்குங்க.

படி 3: தூரத்தை நேரமா மாத்தறது

போயிங் 737-800 மாதிரி விமானம் மேல போய் நிலையா பறக்கறப்போ மணிக்கு சுமார் 830, 840 கிலோமீட்டர் போகும். ஆனா டிக்கெட்ல போட்டிருக்கற நேரம் பறக்கற நேரம் மட்டும் கிடையாது, கேட்டை விட்டு நகர்ந்ததுல இருந்து அந்த பக்கம் கேட்ல வந்து நிக்கற வரைக்கும் கணக்கு. ரன்வே வரைக்கும் ஊர்ந்து போறது, மேல ஏறறப்போ வேகம் கம்மியா இருக்கறது, இறங்கறப்போ சுத்தறது, எல்லாம் இதுக்குள்ள அடங்கிடும்.

அதனால நான் போடற கணக்கு இது: தூரத்தை 800ஆல வகுங்க, வர்றதோட அரை மணி நேரம் கூட்டுங்க. 1278ஐ 800ஆல வகுத்தா 1.6 மணி, அதாவது 96 நிமிஷம், கூட 30, மொத்தம் 126 நிமிஷம். 2 மணி 6 நிமிஷம். டிக்கெட்டை எடுத்து பாருங்க, இதை சுத்தி தான் இருக்கும்.

சுத்தின்னு சொல்றேனே, ஏன் சரியா அதே நேரம் இல்ல? காத்து. அது அடுத்த படி.

படி 4: காத்தை சேருங்க

இந்த அட்சரேகையில மேல அடிக்கற காத்து மேற்குல இருந்து கிழக்கா அடிக்கும், குளிர்காலத்துல, அதாவது அங்க ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும், இன்னும் பலமா இருக்கும். டர்பன்ல இருந்து கேப் டவுன் போறது மேற்கு தென்மேற்கு பக்கம், அப்போ காத்து முகத்துக்கு நேரா வரும், திரும்பி வர்றப்போ முதுகுல தள்ளும்.

எவ்வளவு வித்தியாசம் வரும்னு போட்டு பாக்கலாம். எதிர்காத்து மணிக்கு 90 கிலோமீட்டர்னு வச்சுக்குவோம், அப்போ 835ல 90 போக 745 தான் தரை வேகம், 1278க்கு 103 நிமிஷம். அதே காத்து பின்னாடி இருந்து தள்ளினா 925, 83 நிமிஷம். 20 நிமிஷம் வித்தியாசம் வருது. இதனாலதான் டர்பன் - கேப் டவுன் டிக்கெட்ல சுமார் 2.15, 2.20னு போட்டிருப்பாங்க, கேப் டவுன் - டர்பன்ல சுமார் 2 மணி, 2.05னு போட்டிருப்பாங்க. போறதுக்கும் வர்றதுக்கும் நேரம் ஒத்து வரலையேன்னு குழம்ப வேண்டாம்.

படி 5: நேர் ஃப்ளைட்டா, ஜொகன்னஸ்பர்க் வழியான்னு பாருங்க

இந்த படியை அவசரத்துல தாண்டிடாதீங்க, டிக்கெட் தேடறப்போ ரெண்டும் கலந்து தான் வரும்.

ஜொகன்னஸ்பர்க் ஓ.ஆர். டாம்போ ஏர்போர்ட்டுக்கு டர்பன்ல இருந்து சுமார் 478 கிலோமீட்டர். அங்க இருந்து கேப் டவுனுக்கு சுமார் 1271. நல்லா கவனிங்க, டர்பன்ல இருந்து கேப் டவுன் எவ்வளவு தூரமோ கிட்டத்தட்ட அதே தூரம் தான் ஜொகன்னஸ்பர்க்ல இருந்தும். அப்போ ஜொகன்னஸ்பர்க் வழியா போறதுல ஒரு கிலோமீட்டர் கூட மிச்சம் ஆகல, வடக்கா போன 478ம் முழுசா வீண். மொத்தம் 1750 பறக்கணும், ரெண்டு தடவை ஏறி இறங்கணும், நடுவுல காத்திருக்கணும், சுமார் அஞ்சு மணி நேரம் போயிடும்.

டிக்கெட் விலை ரொம்ப கம்மியா இருந்தா இல்ல ஜொகன்னஸ்பர்க்ல வேலை இருந்தா மட்டும் அப்படி போங்க, மத்தபடி நேர் ஃப்ளைட்டு தான். ஃப்ளைசஃபேர், ஏர்லிங்க் மாதிரி உள்ளூர் கம்பெனிங்க நேரா ஓட்டறாங்க. குலுலா, மாங்கோ எல்லாம் மூடியாச்சு, பழைய கட்டுரைல அந்த பேரை பாத்தா தேடி அலையாதீங்க. விலையை பாக்கறப்போ பெட்டி சேத்தா சேக்காமலான்னு பாருங்க, சில கம்பெனியோட குறைஞ்ச விலை டிக்கெட்ல கைப்பை 7 கிலோ மட்டும் தான், 20 கிலோ பெட்டியை கூட போட்டா தான் உண்மையான விலை தெரியும். ஊர்ல இருந்து சொந்தக்காரங்களுக்கு ஊறுகாயும் பட்டுப்புடவையும் தூக்கிட்டு போறவங்களுக்கு 7 கிலோ எப்படி பத்தும்?

டிசம்பர் நடுவுல இருந்து ஜனவரி முதல் வாரம் வரைக்கும் அங்க ஸ்கூல் லீவு, ஈஸ்டருக்கும் கூட்டம், அப்போ விலை எகிறும், முன்னாடியே போட்டுடுங்க.

சென்னையில இருந்தோ கொழும்புல இருந்தோ வர்றவங்களுக்கு ஒரு விஷயம். எமிரேட்ஸ் துபாய்ல இருந்து டர்பனுக்கும் நேரா போகுது, கேப் டவுனுக்கும் நேரா போகுது. அதனால போக வர ஒரே ஊருக்கு டிக்கெட் போடாம டர்பன்ல இறங்கி கேப் டவுன்ல இருந்து கிளம்பற மாதிரி போட்டுட்டீங்கன்னா இந்த உள்ளூர் ஃப்ளைட்டை ஒரு தடவை மட்டும் எடுத்தா போதும், ஒரு அரை நாள் கையில மிஞ்சும்.

படி 6: தரையில போற நேரத்தை கூட்டுங்க

கிங் ஷாகா ஏர்போர்ட் 2010 மே 1ஆம் தேதி திறந்தது, ஊருக்கு வடக்க லா மெர்சில இருக்கு, டர்பன் நடு ஊர்ல இருந்து சுமார் 35 கிலோமீட்டர். பழைய ஏர்போர்ட் ஊருக்கு தெற்க இருந்துச்சு. இது ஏன் முக்கியம்னா, டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ், அம்ஸ்லாங்கா பக்கம் தங்கறவங்களுக்கு ஏர்போர்ட் கிட்ட, 15ல இருந்து 25 நிமிஷத்துல போயிடலாம். சாட்ஸ்வர்த்ல தங்கறவங்க ஊரை முழுசா தாண்டி வடக்க வரணும், முக்கால் மணி நேரம் வச்சுக்குங்க, காலை நெரிசல்னா இன்னும் கூட. போற வழியில மவுண்ட் எட்ஜ்கோம்ல பழைய மாரியம்மன் கோயில் இருக்கு, புனித வெள்ளி அன்னிக்கு அங்க ஆயிரக்கணக்குல கூட்டம் சேரும், அந்த வாரம் கிளம்பறவங்க ரோட்ல எக்ஸ்ட்ரா நேரம் விடணும்.

கேப் டவுன் ஏர்போர்ட் ஊருக்குள்ள இருந்து 20 கிலோமீட்டர் தான், காலி ரோடுன்னா 20, 25 நிமிஷம். ஆனா வேலை நாள் காலைல ஆறரையில இருந்து ஒன்பது வரைக்கும் ஊருக்குள்ள போற என்2 ரோடு அடைச்சுக்கும், ஒரு மணி நேரம் கூட ஆகும். அதனால விடிகாலை முதல் ஃப்ளைட்டை பிடிச்சா நாள் முழுசா கிடைக்கும்னு நினைச்சு எடுத்தீங்கன்னா சரியா அந்த நெரிசல்ல போய் இறங்குவீங்க. 9 மணி வாக்குல கிளம்பறது உடம்புக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது.

இப்போ மொத்தமா கூட்டுங்க. ஃபீனிக்ஸ்ல இருந்து ஏர்போர்ட் 25 நிமிஷம், ஒன்றரை மணி நேரம் முன்னாடி போய் சேரணும் (உள்ளூர் ஃப்ளைட்டுக்கு பொதுவா 40 நிமிஷம் முன்னாடி கவுண்டரை மூடிடுவாங்க, உங்க டிக்கெட்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்குங்க), ஃப்ளைட் 2.15, பெட்டி வர 25, ஊருக்குள்ள 25. சரியா 5 மணி நேரம். சாட்ஸ்வர்த்னா 5.20.

அதையே கார்ல போனா 1635 கிலோமீட்டர், ஓட்டற நேரம் மட்டும் 16ல இருந்து 18 மணி, ஒரே ஆளா ஒரே நாள்ல ஓட்டவே கூடாது. ரெண்டு நாளா பிரிச்சா கோல்ஸ்பெர்க் கிட்டத்தட்ட பாதி தூரம், அங்க ராத்திரி தங்கறதுக்கு இடம் நிறைய. ஒரு வாரம் கையில இருந்தா என்2 வழியா மெதுவா போங்க, நைஸ்னா, ஜார்ஜ் பக்கம் அவ்வளவு அழகு, ஆனா உம்டாட்டா பக்கம் இருட்டினப்புறம் ஓட்டாதீங்க, ரோட்ல மாடு நிக்கும், தெரியவே தெரியாது.

படி 7: வானிலை, சீட்

டர்பன்ல கோடைல, அதாவது நவம்பர்ல இருந்து மார்ச் வரைக்கும், மத்தியானத்துக்கு மேல இடி மழை வரும், அப்போ காலை ஃப்ளைட் பத்திரம். கேப் டவுன்ல மழை குளிர்காலத்துல, கூடவே காலைல பனிமூட்டம் இறங்கிடும், அப்போ கொஞ்சம் வெயில் ஏறினப்புறம் இறங்கற மாதிரி போடுங்க. கோடைல கேப் டவுன்ல தென்கிழக்கு காத்து ஆளையே தள்ளும், கேப் டாக்டர்னு அதுக்கு பேர், ஊர் புகையை எல்லாம் துடைச்சுட்டு போறதால.

சீட்டு விஷயத்துல என் கருத்து ரொம்ப தெளிவு. டர்பன்ல இருந்து போறப்போ வலது பக்க ஜன்னல். கிளம்பின கொஞ்ச நேரத்துல லெசோத்தோ மலைங்க அந்த பக்கம் தான் வரும், ஜூலைல போனா உச்சியில பனி வெள்ளையா படிஞ்சிருக்கும். அப்புறம் ஒரு மணி நேரம் காரூ வறண்ட நிலம், பழுப்பு தரை, நடுவுல ஒரு ஒத்தை ரோடு, எங்கயோ ஒரு காத்தாடி பம்ப், அவ்வளவுதான். அது முடிஞ்சு மலை மடிப்புக்கு நடுவுல திராட்சை தோட்டம் பச்சையா தெரிய ஆரம்பிச்சா இறங்கப்போறீங்கன்னு அர்த்தம்.

டேபிள் மலை (1086 மீட்டர்) ஏர்போர்ட்டுக்கு மேற்க இருக்கு. தென்கிழக்கு காத்து அடிச்சா வடக்குல இருந்து தெற்க பாத்து இறக்குவாங்க, மலை வலது பக்கம். குளிர்காலத்துல வடமேற்கு காத்துன்னா ஃபால்ஸ் பே கடல் மேல வந்து வடக்க பாத்து இறங்கும், அப்போ மலை இடது பக்கம் போயிடும். கோடைல வலது பக்கம் எடுத்தவங்களுக்கு ரெண்டு காட்சியும் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சாயங்கால ஃப்ளைட்ல இன்னொண்ணு கவனிங்க, மேற்கா பறக்கறதால சூரியன் கீழ இறங்காம இழுத்துக்கிட்டே இருக்கும், தரையில பாக்கற அந்தி நேரத்தை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு நீளும். குளிர்காலத்துல இதுவும் வலது பக்கம் தான்.

படி 8: கடிகாரம்

தென்னாப்பிரிக்கா முழுக்க ஒரே நேரம், இந்திய நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னாடி. அதனால டிக்கெட்ல கிளம்பற நேரத்தையும் சேர்ற நேரத்தையும் கழிச்சா வர்றது உண்மையான பயண நேரம். ஆனா சூரியனுக்கு அது தெரியாது, 12.5 டிகிரி தீர்க்கரேகை வித்தியாசத்துக்கு 50 நிமிஷம். டிசம்பர்ல டர்பன்ல ஏழு மணிக்கு சூரியன் மறைஞ்சிடும், கேப் டவுன்ல எட்டு மணி வரைக்கும் வெளிச்சம். அதனால மத்தியானம் 3 மணிக்கு கிளம்பி போனா கூட கடற்கரைல உக்கார நேரம் இருக்கும்.

வேற ஊர்களுக்கு இந்த கணக்கை போடறப்போ தான் கடிகாரம் மாட்டிவிடும். லாகோஸ் - அக்ரா எடுத்துக்குங்க, அதே முறையில போட்டா சுமார் 400 கிலோமீட்டர், 800ஆல வகுத்து அரை மணி கூட்டினா ஒரு மணி நேரம். ஆனா கானா நேரம் நைஜீரியாவை விட ஒரு மணி பின்னாடி. லாகோஸ்ல காலை 10 மணிக்கு கிளம்பினா டிக்கெட்ல அக்ரா சேர்ற நேரமும் 10 மணின்னே இருக்கும், திரும்பி வர்ற டிக்கெட்ல ரெண்டு மணி நேரம் ஆகற மாதிரி தெரியும். ரெண்டுமே ஒரு மணி நேர ஃப்ளைட்டு தான். ரோட்ல போனா நடுவுல பெனின், டோகோன்னு ரெண்டு நாடு, மூணு எல்லை, ஒவ்வொண்ணுலயும் பாஸ்போர்ட் சீல், அதுக்கு ஒரு முழு நாள் ஒதுக்கிடுங்க.